எல்சியின் நாக்கு

"ஏய்! இன்னாடி பண்ணிகினு கீறே? பெரிய சனிக்கிழமை அதுவுமா, ஒருசந்தி நாள் அதுவுமா, காலங்காத்தால கரண்டிய நக்கிகினு நிக்கிறியே... உனக்கெல்லாம் வெக்கமே கெடையாதா?"

நாத்தனார் டெபோராவின் குரல் சமையலறை வாசலில் வெடித்தபோது எல்சியின் வாய்க்குள் ஒரு கரண்டி எலுமிச்சைக் கூழ் இருந்தது. விழுங்கினால் குற்றம், துப்பினால் அதைவிடக் குற்றம். எல்சி விழுங்கினாள். தொண்டையில் இறங்கும்போதுதான் எலுமிச்சையின் கடைசிப் புளிப்பு தெரியும். அது தெரிந்ததும், முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் இரண்டு விரலைக் காட்டினாள். அடுப்பருகே நின்றிருந்த அவள் கணவன் ஜெரால்ட் அதைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் இரண்டு கரண்டி சர்க்கரையைக் கூழில் போட்டுக் கிளறினான்.

திட்டு வாங்கும் நேரத்திலும் வேலை நிற்கவில்லை. எல்சி அப்படிப்பட்டவள்.

"கேக்கறேன்ல? நானு தண்ணி கூடக் குடிக்காம குந்திகினு கீறேன். ராத்திரி பூச முடியற வரைக்கும் இந்த வூட்ல யாரும் பல்லுல ஒண்ணு படாம கீறோம். நீ மட்டும் துன்னுகினே இருப்ப... நாலு வருசமா பாத்துகினுதான் கீறேன். கேக் பண்ணா ஒரு வாய், பிஸ்கட் பண்ணா ஒரு வாய், ஆர்டர் வெளிய போறதுக்குள்ள பாதி உன் வயித்துக்குள்ள போயிடுது!"

"அண்ணி... அப்டியெல்லாம் இல்ல அண்ணி..."

"இன்னா இல்ல? வாயச் சுத்தி மஞ்சளா கூழு ஒட்டிகினு கீது!"

எல்சி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். ஜெரால்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் அந்த வாய் மூடிக்கொண்டது.

டெபோரா கெட்டவள் இல்லை. அதுதான் இதில் பெரிய கஷ்டமே! கெட்டவளாக இருந்திருந்தால் எல்சி என்றைக்கோ நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பாள். தாய் செத்தபோது பன்னிரண்டு வயதுத் தம்பியைத் தன் தாவணிக்குள் சேர்த்து வளர்த்தவள் டெபோரா. புருஷன் போன பிறகு தையல் மிஷினை மிதித்தே மகள் சாராவைப் படிக்க வைத்தவள். கோயிலுக்கு ஒருநாள் தவறமாட்டாள். திருவொற்றியூரில் அந்தச் சந்துக்குள் யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் முதல் ஆளாய்ப் போய் நிற்பாள். நல்லவள்தான். ஆனால் நல்லவளுக்கு நாக்கு நீளம். மனதில் வந்தது வாயில் வந்துவிடும், வாயில் வந்தது, கோயிலைச் சேர்ந்த வீடுகள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் முழுக்கப் பரவிவிடும்.

நாளைக்கு ஈஸ்டர். பூசை முடிந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு, ராயபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சாராவைப் பெண் கேட்டு வருகிறார்கள். வருகிறவர்கள் பிரியாணி கேட்கவில்லை, பாயசம் கேட்கவில்லை. ஒரு ஞானஸ்நான விருந்தில் ஜெரால்ட் செய்த 'லெமன் பை' என்கிற எலுமிச்சைப் பையைச் சாப்பிட்டுவிட்டு, "எங்களுக்கு அது கெடைக்குமா?" என்று கேட்டு அனுப்பியிருந்தார்கள். கீழே மொறுமொறுவென்று வெண்ணெய் போட்ட மைதா ஓடு. அதன்மேல் மஞ்சளாய் எலுமிச்சைக் கூழ். அதற்கும் மேலே முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு அடித்துக் குவித்து, லேசாய்ச் சிவக்கச் சுட்ட நுரை. பதினைந்து வருஷம் கப்பலில் சமையல்காரனாக இருந்த ஜெரால்ட், எந்தத் துறைமுகத்திலோ கற்றுக்கொண்டு வந்தது. இப்போது வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்துச் செய்கிறான். எண்ணூரிலிருந்து தண்டையார்பேட்டை வரைக்கும் அவன் பெயர் போட்ட அட்டைப்பெட்டி போகிறது.

"எல்சி, இத்தோட நிறுத்திக்கோ," என்றாள் டெபோரா. குரல் தணிந்திருந்தது. கத்தும்போது இருந்ததைவிட அது மோசமாக இருந்தது. "வர்றவங்க பெரிய எடம். மாப்ளயோட சித்தி நம்ம அன்பியத்துலதான் கீறா. உன்னப் பத்தி அவளுக்கு எல்லாம் தெரியும். அவங்க முன்னால நீ வந்து நின்னா, 'இவதான் அந்தத் தின்னுறவளா'ன்னு கேப்பாங்க. சாராவுக்குக் கொறச்சல். அத்தொட்டு... நாளைக்கு ஒரு நாளு நீ உங்கம்மா வூட்டுக்குப் போயிடு. சாயங்காலமா வந்தா போதும்."

அவமானம் அவளுக்குப் புதிதில்லை. ஆனால் சாரா! முதன்முதலாய்ப் பூப்போட்ட பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அந்தப் பெண்ணின் தலையைப் பின்னிவிட்டவள் எல்சி. அவளைப் பெண் கேட்டு வருகிற அன்றைக்கு, வீட்டில் இருக்கக்கூடாது என்றால்...

"அண்ணி, நான் பின்னாடியே இருந்துக்கறேன். முன்னாடி வரவே மாட்டேன். சாராவுக்கு நான்தானே பொடவ கட்டிவிடணும்..."

"நான் கட்டிவிட்டுக்கறேன். இப்பவே அடுப்படிய வுட்டு வெளிய வா. இன்னியிலேர்ந்து சமையக்கட்டுக்குள்ள உனக்கு வேல இல்ல. என் தம்பி ஒத்த ஆளா அம்பது பேருக்குக் கப்பல்ல ஆக்கிப் போட்டவன். உன் தொண இல்லாம அவனுக்குத் தெரியும்!"

அங்கேதான் டெபோரா தப்புக் கணக்குப் போட்டாள்.

அவனுக்குத் தெரியாது. நாலு வருஷமாய் ஜெரால்டுக்கு ஒன்றுமே தெரியாது.

அந்த இரண்டாவது கொரோனா அலையில் ஜெரால்டுக்குக் காய்ச்சல் வந்து போனது. மூச்சு திரும்பி வந்தது, தெம்பு திரும்பி வந்தது. வாசனையும் ருசியும் மட்டும் திரும்பி வரவில்லை. "வந்துடும், ஒரு மாசம் பொறுங்க" என்றார் டாக்டர். மாசம் மூன்று ஆனது. ஒருநாள் மொட்டைமாடியில் பச்சை மிளகாயைக் கடித்துக் கடித்துத் துப்பிக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி அழுதுகொண்டிருந்தான். காரம் கண்ணில் நீராய் வந்தது, நாக்கில் ருசியாய் வரவில்லை. "ருசி தெரியாத சமையக்காரன் இன்னாத்துக்குடி எல்சி? பொணம்டி நான்... அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது. அது தாங்காது" என்று அவள் மடியில் முகத்தைப் புதைத்தான்.

எல்சி ஒரு நிமிஷம்தான் யோசித்தாள். "உன் கையி கெட்டுப்போவலியே! கண்ணு கெட்டுப்போவலியே! நாக்குதானே? எங்கிட்ட ஒண்ணு கீது, எடுத்துக்கோ" என்றாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது. அவன் செய்வான், அவள் ருசி பார்ப்பாள். ஒரு விரல் என்றால் சர்க்கரை ஒரு கரண்டி. கையை மூடினால் 'போதும்' என்று அர்த்தம். மூக்கைத் தொட்டால் வெண்ணெயில் பழைய வாசனை, கொட்டிவிடு. இப்படி ஒரு பாஷையே உண்டாகிவிட்டது இருவருக்கும். ஒவ்வொரு முட்டையையும் உடைத்ததும் அவள் மோந்து பார்த்துத் தலையாட்டினால்தான் அது பாத்திரத்துக்குள் போகும். நாலு வருஷத்தில் எல்சியின் ரவிக்கைகளை எல்லாம் பிரித்துப் பெரிதாக்கித் தைத்தாகிவிட்டது. அதைத் தைத்துக் கொடுத்தவளே டெபோராதான். தைக்கும்போதெல்லாம் ஒரு பேச்சு, ஒரு சிரிப்பு.

தவக்காலத்தில், ஒருவேளை மட்டும் சாப்பிடுகிற ஒருசந்தி நாட்களில், எல்சிக்கு மனசு உறுத்தியது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "புருஷன் பொழப்புக்கோசரம் நாக்குல ஒரு சொட்டு வெச்சா அது ஒருசந்தி முறிஞ்சதா ஆவாதும்மா" என்றார். ஆனாலும் அவளுக்கு ஆறவில்லை. ருசி பார்த்த நாளில், அந்த ஒரேவேளைச் சாப்பாட்டையும் சாப்பிடாமல் ஒதுக்கி வைத்துவிடுவாள். ஒதுக்கியதை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கரண்டியை நக்கியதை மட்டும் எல்லாரும் பார்த்தார்கள்.

"சரி அண்ணி," என்று மட்டும் சொல்லிவிட்டு எல்சி கையைக் கழுவினாள். வெளியே போகிற வழியில் கணவனிடம் தாழ்ந்த குரலில், "இன்னும் மூணு ஆர்டருக்கு கூழு போடணும். அதே பழம், அதே அளவு. மாத்தாதே. முட்டைய நேத்தே தண்ணியில போட்டு பாத்து வெச்சிட்டேன், பயப்படாதே" என்றாள்.

"எல்சி, நான் சொல்லிடறேன்டி அக்காகிட்ட..."

"நாளைக்கு பொண்ணு பாக்க வராங்கோ. இன்னிக்கு ஒரு பேஜாரு வேணாம். வாய மூடிகினு வேலையப் பாரு."

மொட்டைமாடிக்கு ஏறினாள். கொடியில் அவளுடைய இரண்டு புடவைகள் காய்ந்துகொண்டிருந்தன. அம்மா வீட்டுக்கு எடுத்துப் போக அவற்றை உருவ வேண்டும். பாதிப் படியில் சாரா உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கீழே நடந்ததைக் கேட்டிருக்கிறாள்.

"அத்த, நீ போவாதே. நீ இல்லன்னா நானும் வந்து நிக்க மாட்டேன். அம்மாவுக்கு நல்லா வேணும்!"

"ச்சீ, வாயக் கழுவு! யாருகிட்ட பேசறோம்னு தெரியாம... உங்கம்மா உன்ன வளக்க எம்மாம் பாடு பட்டாங்கன்னு எனக்குத் தெரியும். நான் ஒருநாளு இல்லன்னா இன்னா கொறஞ்சுபோச்சு? காப்பி கலர் பார்டர் போட்டதக் கட்டிக்கோ. அதுல நீ நல்லா இருப்ப." பெரிதாய்த்தான் பேசினாள். பேசி முடித்ததும் மாடியில் ஏறி, கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தன்னை யாரும் பார்க்காதபோது அழுகிற உரிமை எல்லாருக்கும் உண்டு, எல்சிக்கும் உண்டு.

கீழே ஜெரால்ட், முதல் தடவையாய்த் தனியாக அடுப்படியில் நின்றான். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, அதன்மேல் கிண்ணத்தை வைத்து, அந்தச் சூட்டில்தான் கூழ் காய்ச்ச வேண்டும். பதற்றத்தில் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றிவிட்டான். அதை வைத்துவிட்டுத் திரும்பி, ஜன்னல் பக்கத்து மேடையில் முட்டை பிரிக்க ஆரம்பித்தான். வெள்ளைக்கருவில் ஒரு பொட்டு மஞ்சள் விழுந்தாலும் நாளைக்கு நுரை எழும்பாது. கண்ணை எடுக்காமல் பிரித்துக்கொண்டிருந்தான். பின்னால் தண்ணீர் பொங்கி வழிந்து, அடுப்பு அணைந்தது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

கூடத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த டெபோராவுக்கு நாற்றம் அடித்தது. அவள் எழுந்தாளா? எழுந்தாள். எதற்கு? ஜன்னலைச் சாத்த!

திருவொற்றியூரில் நாற்றம் அடித்தால் யாரும் "என்ன அது?" என்று கேட்பதில்லை. ரயில் லைனுக்கு அந்தாண்டை கம்பெனிகள். ஒருநாள் அழுகின முட்டை நாற்றம், ஒருநாள் கேஸ் நாற்றம், ஒருநாள் பெயரே இல்லாத நாற்றம். பிறந்ததிலிருந்து மோந்து பழகிய மூக்குகள். நாற்றம் வந்தால் ஜன்னலைச் சாத்த வேண்டும், காற்று மாறினால் திறக்க வேண்டும். அவ்வளவுதான் அங்கே சட்டம்.

"கம்பெனிக்காரன் ஆரம்பிச்சுட்டான்யா! பெரிய சனியும் கெடையாது, நல்ல நாளும் கெடையாது இவனுங்களுக்கு!" கூடத்து ஜன்னல்களை எல்லாம் படபடவென்று சாத்திவிட்டு, அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஜெரால்டு! நாத்தம் கொடலப் புடுங்குது. அந்த ஜன்னலையும் சாத்து, கதவையும் சாத்து. கூழுல நாத்தம் ஏறிடப் போவுது!"

ஜெரால்டுக்கு ஒரு நாற்றமும் தெரியவில்லை. ஆனால் தெரியாது என்று எப்படிச் சொல்வான்? நாலு வருஷமாய்ச் சொல்லிப் பழகியதையே சொன்னான்.

"ஆமாக்கா... இன்னிக்கு ரொம்ப ஜாஸ்தியாத்தான் கீது!"

ஜன்னலைச் சாத்தினான். கதவையும் சாத்தினான்.

மாடியில் எல்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு புடவையை உருவப் போனாள். படி வழியாக மெல்ல ஏறி வந்தது அந்த வாசனை. பின்னாலேயே மாடிக்கு வந்திருந்த சாரா மூக்கைப் பொத்திக்கொண்டாள். "கம்பெனி நாத்தம் அத்த. அம்மா ஜன்னல் சாத்துற சத்தம் கேக்குது."

எல்சி மூச்சை இழுத்தாள். நாலு வருஷமாய் இரண்டு பேருக்காக மோந்து பார்க்கிற மூக்கு அது. அவள் கை கொடியில் அப்படியே நின்றது. புடவை படபடவென்று பறந்துகொண்டிருந்தது. எந்தப் பக்கம்? ரயில் லைன் பக்கம்!

"சாரா... காத்து கடல்லேர்ந்து அடிக்குதுடி!"

"அதுக்கு இன்னா அத்த?"

"கம்பெனி அந்தாண்ட கீது! கடக்காத்துல கம்பெனி நாத்தம் எப்டிடி வரும்? இது நம்ம வூட்டு கேஸுடி! ஐயோ... அந்த மனுஷனுக்குத் தெரியாதுடி! தெரியவே தெரியாது!"

எப்படிப் படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. ரவிக்கை பிரித்துத் தைத்த உடம்புதான். ஆனால் அன்றைக்கு அந்தப் பதினெட்டுப் படியையும் நாலே எட்டில் கடந்தாள். கூடத்தில் டெபோரா, "எங்கடி ஓடறே? உள்ள போவாதேன்னு சொன்னேன்ல!" என்று கையை நீட்டி மறித்தாள். எல்சி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

கதவைத் தள்ளினாள். குப்பென்று அடித்தது.

அணைந்த அடுப்பை அப்போதுதான் பார்த்த ஜெரால்ட், குனிந்து லைட்டரை நீட்டிக்கொண்டிருந்தான்.

"அமுக்காதே! கீழ போடுய்யா அத!"

அந்தக் குரலில் அவன் கை தானாக விரிந்தது. லைட்டர் மைதா டப்பாவுக்குள் விழுந்தது. எல்சி பாய்ந்து போய் சிலிண்டர் ரெகுலேட்டரைத் திருகி மூடினாள், ஜன்னலைத் திறந்தாள், கணவனைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினாள்.

"அண்ணி, ஃபேனப் போடாதீங்க! லைட்டு, சுவிட்சு ஒண்ணியும் தொடாதீங்க! ஜன்னலெல்லாம் தொறந்துவுட்டு வெளிய வாங்கோ! சாரா, வாசக்கதவத் தொற!"

நாலு பேரும் சந்தில் வந்து நின்றார்கள். கடல்காற்று வீட்டுக்குள் புகுந்து போய்க்கொண்டிருந்தது. ஜெரால்ட் வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டான். டெபோரா ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டே அவனைப் பார்த்தாள், எல்சியைப் பார்த்தாள். மெதுவாக ஒரு விஷயம் அவள் மண்டையில் ஏறியது.

"ஜெரால்டு... கூடத்துல குந்தியிருந்த எனக்கு அடிச்சுது. மொட்டமாடியில இருந்தவளுக்கு அடிச்சுது. அடுப்பு பக்கத்துல நின்ன உனக்கு அடிக்கலியா? 'ஜாஸ்தியா கீதுக்கா'ன்னு சொன்னியேடா... லைட்டர எடுத்துகினு குனிஞ்சியேடா!"

"அண்ணி, அது பதட்டத்துல..." என்று எல்சி குறுக்கே வந்தாள்.

"நீ சொம்மா இரு எல்சி." ஜெரால்ட் தலையை நிமிர்த்தினான். "நாலு வருசமா நீ சொம்மா இருன்னு சொன்ன, நான் இருந்தேன். இனிமே இருக்க மாட்டேன்... அக்கா, எனக்கு வாசன தெரியாது. ருசியும் தெரியாது. கொரோனா வந்து போன நாள்லேர்ந்து ஒரு மண்ணும் தெரியாது. உப்பும் சர்க்கரையும் என் வாய்க்கு ஒண்ணு."

"இன்னாடா சொல்றே...?"

"நீ மெச்சின கேக்கு, ஊரு மெச்சின பையி, ஒண்ணியும் என் ருசி இல்லக்கா. இவ நாக்கு. இவ துன்னலக்கா! நான் கெஞ்சிக் கேட்டுகினேன், இவ ருசி பாத்து சொன்னா. ஒருசந்தி அன்னிக்கும் பாத்து சொன்னா. நீ தின்னிப்பண்டாரம்னு சொல்லசொல்ல நான் கல்லு மாதிரி நின்னுகினு இருந்தேன். அவமானம் அவளுக்கு, பேரு எனக்கு. நான்தான்கா கெட்டவன்..." அவன் தன் தலையில் அடித்துக்கொண்டான்.

டெபோரா தம்பியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

சாரா விம்மிக்கொண்டே சொன்னாள். "அம்மா... ஒருசந்தி நாளெல்லாம் அத்த மத்தியானச் சோறும் துன்னாதும்மா. தட்டுல போட்டுகினு போயி, பின்னாடி நாய்க்கு வெச்சிடும். நான் பாத்திருக்கேன். ஒடம்பு எளைக்கறதுக்கோசரம்னு நெனச்சேன்மா..."

"ஐயோ மாதாவே!" டெபோரா நெஞ்சில் அறைந்துகொண்டாள். "நானு ஒருவேள சோறு துன்னேன். இவ அதையும் துன்னலியா? ஏன்டி! ஏன்டி எல்சி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல? என்ன ராட்சசின்னு நெனச்சிட்டியா? என் தம்பிக்கு ஒண்ணுன்னா நான் தாங்க மாட்டேனா?"

எல்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிமிர்ந்து நின்றாள். குரலில் நடுக்கம் இல்லை.

"நீங்க தாங்குவீங்க அண்ணி. ரொம்ப தாங்குவீங்க. 'ஐயோ என் தம்பி'ன்னு அவர ஒரு மூலையில குந்தவெச்சி, நீங்க தெச்சிப் போட்டு, காலம் பூரா சோறு ஊட்டுவீங்க. அவருக்கு சோறு வேணாம் அண்ணி, அடுப்பு வேணும். அது இல்லன்னா அவர் செத்துடுவாரு. அத்தொட்டுதான் சொல்லல. நீங்க என்னத் திட்டினதுகூட எனக்கு வலிக்கல. எங்கம்மாகூட இதவிட ஜாஸ்தியா திட்டும். அன்பியத்துல சொல்லிச் சிரிச்சீங்களே... கோயில் வாசல்ல பொம்பளைங்க என்னப் பாத்து கையி மறச்சி சிரிச்சாங்களே... அது வலிச்சுது அண்ணி. சாராவப் பாக்க வரசொல்ல என்ன வூட்ட வுட்டுப் போன்னு சொன்னீங்களே... அது ரொம்ப வலிச்சுது."

சொல்ல வேண்டியதை ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள்.

டெபோரா நடுச் சந்தில், அக்கம்பக்கம் எல்லாம் எட்டிப் பார்க்க, அவளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "என்ன மன்னிச்சிடுடி... தாயி, என்ன மன்னிச்சிடு. வாயி அழுவிப்போவணும் எனக்கு..." எல்சியும் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். இரண்டு பேரும் அழுது முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. முதலில் தெளிந்தவள் எல்சிதான்.

"போதும் அண்ணி. மூணு ஆர்டர் நிக்குது. முட்ட வேற பிரிச்சது பிரிச்சபடி கீது. வாங்கோ, உள்ள போலாம்."

உயிர்த்த ஞாயிறு காலை, எல்சிதான் சாராவுக்குப் புடவை கட்டிவிட்டாள். கட்டிவிட்ட கையோடு அடுப்படிக்குப் போய்ச் சர்க்கரைப் பாகு வைத்தாள். சும்மா சர்க்கரையைத் தூவி அடிக்கிற நுரை இந்தக் கடலோர ஈரக்காற்றுக்கு அரை மணியில் தண்ணீர் விட்டுவிடும். பாகைக் காய்ச்சி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் உருண்டு நிற்கிற பதத்தில், அடித்துக்கொண்டிருக்கும் வெள்ளைக்கருவில் நூலாய் ஊற்ற வேண்டும். அவள் ஊற்றினாள், ஜெரால்ட் அடித்தான். நுரை பளபளவென்று எழும்பி, பாத்திரத்தைத் தலைகீழாய்க் கவிழ்த்தாலும் விழாமல் நின்றது. டெபோரா வாசலில் நின்று இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் மாப்பிள்ளையின் அப்பா யேசுதாஸும் அவர் மனைவியும் உறவுக்காரர்கள் நாலு பேரும் வந்தார்கள். யேசுதாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், சத்தமாய்ப் பேசுகிற மனிதர். அவர் மனைவி மெதுவாய்ப் பேசுகிறவள். மெதுவாய்ப் பேசுகிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாய் இருக்க வேண்டும். தண்ணீர் கொண்டுவந்து வைத்த எல்சியை அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான் எல்சியா? எங்க தங்கச்சி உங்களப் பத்தி நெறைய சொல்லிகீறா." கூட வந்தவர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "பையி செஞ்சிட்டாங்களாமே... எங்களுக்கு எதுனா மிச்சம் வெச்சிருக்கீங்களா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். எல்சி தண்ணீர்த் தட்டைப் பிடித்தபடி நின்றாள். ஜெரால்ட் நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"நீ குந்துடா," என்றாள் டெபோரா. "இத நான் பாத்துக்கறேன்."

மேசையின் நடுவில் பை இருந்தது. நுரையின் நுனியெல்லாம் பொன்னாய்ச் சிவந்திருந்தது. டெபோரா கத்தியை எடுத்து ஒரு பெரிய துண்டு வெட்டினாள். மஞ்சள் கூழ் ஒழுகாமல், அசையாமல் நின்றது. முதல் துண்டு சம்பந்தியம்மாவுக்குத்தான் போக வேண்டும், அதுதான் மரியாதை. அந்த அம்மாளும் கையை நீட்டிவிட்டாள். டெபோரா தட்டை அந்தக் கைக்கு மேலாகவே கொண்டுபோய், எல்சியின் கையில் கொடுத்தாள்.

"அண்ணி! இன்னா இது... விருந்தாளிங்க முன்னாடி..."

"குந்துடி." தான் உட்கார வேண்டிய நாற்காலியை இழுத்துப் போட்டாள். பிறகு சம்பந்திகள் பக்கம் திரும்பினாள். "தப்பா நெனைக்காதீங்கோ. இவள தின்னுறவன்னு ஊரு பூரா சொன்னவ நான்தான். உங்க தங்கச்சி காதுல போட்டதும் நான்தான். நான் சொன்னது பொய். இவ நாக்குல வெச்சி சரின்னு சொல்லாம இந்த வூட்லேர்ந்து ஒரு துண்டு வெளிய போனது கெடையாது. தப்பு என்னோடது. ஒருசந்தி இருந்துகினே பாவம் பண்ணவ நான். உங்க தங்கச்சிகிட்ட இதையும் மறக்காம சொல்லிடுங்கோ."



"எனக்கு ருசி தெரியாதுங்க," என்றான் ஜெரால்ட். எழுந்து நின்றான். "கொரோனாவுல போயிடுச்சு. நான் கையி, இவ நாக்கு. அவ்ளோதான் எங்க கடை."

யேசுதாஸ் மேசையைத் தட்டினார். "அப்போ ஞானஸ்நானத்துல நான் மூணு துண்டு முழுங்கினது உன் பக்குவமாம்மா? நல்ல கூத்து!" மனைவியைப் பார்த்து, "கைய உள்ள இழு. அந்தப் பொண்ணு மொதல்ல சாப்புடட்டும்" என்றார். அந்த அம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

நாலு வருஷமாய்க் கரண்டி நுனியில், திருட்டுத்தனமாய், நின்றுகொண்டே ருசி பார்த்தவள் எல்சி. ஒரு முழுத் துண்டை உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. நுரை, கூழ், ஓடு மூன்றும் சேர ஒரு வாய் எடுத்து வைத்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்து கன்னத்தில் இறங்கியது, அவள் துடைக்கவில்லை. எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டெபோரா கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"எப்டிடி கீது?"

எல்சி நிதானமாய் மென்று விழுங்கினாள். தொண்டையில் அந்தக் கடைசிப் புளிப்பு இறங்கும் வரைக்கும் எல்லாரையும் காக்க வைத்தாள்.

"சரியா கீது அண்ணி," என்றாள். "இப்போ எல்லாருக்கும் குடுங்கோ."